மலாவி கிராமத்தில் இரண்டு வருடம் தன்னார்வப் பணி: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. விருதுநகர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒரு பன்னாட்டுத் தன்னார்வ அமைப்பு மூலமாக மலாவி நாட்டுக்கு இரண்டு வருடம் போக வாய்ப்பு வந்திருக்கிறது. தெற்கே முலாஞ்சே மாவட்டம். அங்கிருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குப் பாடத்தில் துணையாக இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. வீடு, மாதச் செலவுப்படி, காப்பீடு, விமான டிக்கெட் தருகிறார்கள்.

அமைப்பு அனுப்பிய கையேட்டை இரண்டு தடவை படித்துவிட்டேன். பாதுகாப்பு விதிகள், தடுப்பூசிப் பட்டியல் எல்லாம் இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஒரு நாள் எப்படிப் போகும் என்பது மட்டும் அதில் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வரும்? கரண்ட் இருக்குமா? நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். என்ன சமைப்பது? பெண் தனியாக இருக்கலாமா? இந்தியர் என்றால் எப்படிப் பார்ப்பார்கள்?

அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: "நம்ம ஊர்ல இல்லாத ஏழைப் பிள்ளைகளா அங்க இருக்கு?" அதற்கும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தாமிரபரணிக்காரி

தங்கச்சி, நான் இருந்ததும் அதே முலாஞ்சேதான். அரசுப் பள்ளியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனேன். மாவட்டத் தலைநகரை அங்கே போமா என்பார்கள். போமாவிலிருந்து மொசாம்பிக் எல்லைக்குப் போகும் சாலையில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, மண்பாதையில் உள்ளே போனால் என் ஊர். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் மக்காச்சோளத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ மழை பிடிக்கும். அன்றே ஊர் முழுக்க வயலில் இறங்கிவிடும். ஏர், மாடு அதிகம் கிடையாது. மண்வெட்டியால் வரப்பு வரப்பாக மண் அணைத்து, குழிக்கு இத்தனை என்று விதை போடுவார்கள். கிறிஸ்துமஸ் தாண்டும்போது களையெடுப்பு உச்சத்தில் இருக்கும், வீட்டுக் குதிரில் பழைய சோளம் தீர்ந்துகொண்டிருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பாதிவரை பசிக்காலம். மலை பச்சைப்பசேலென்று நிற்கும், வயலில் பயிர் இடுப்பளவு ஆடும், வீட்டில் மாவு இருக்காது. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்கு அது வளமான மாதமாகத்தான் தெரியும். மார்ச்சில் பச்சைச் சோளமும் பூசணியும் வந்தபிறகு முகங்கள் மாறும். ஏப்ரல், மே அறுவடை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே பள்ளிக்கூட வேலை செய்ய முடியாது. பிப்ரவரியில் வகுப்பில் பிள்ளைகள் பாதிதான் இருப்பார்கள். மீதிப் பேர் களையெடுக்கப் போயிருப்பார்கள், அல்லது அம்மாவோடு கூலிக்குப் போயிருப்பார்கள். வந்தவர்களும் பத்து மணிக்கு மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். ஆசிரியர்களுக்கும் வயல் உண்டு, அவர்கள் வீட்டிலும் அதே நிலைமை. எங்கள் அலுவலகத்தில் நிதியாண்டு முடிவதற்குள் பயிற்சிகளை நடத்திவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே நெருக்குவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். மே முதல் அக்டோபர் வரை வைத்தால் ஆசிரியர்கள் முழு மனதோடு உட்காருவார்கள். உன் திட்ட அட்டவணையில் பயிற்சி எந்த மாதம் போட்டிருக்கிறது என்று இப்போதே பார். டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் இருந்தால் மாற்றச் சொல்லிக் கேள்.

பசிக்காலத்தில் கூலிக்குப் போவதை கன்யு என்பார்கள். இன்னொருவர் வயலில் களையெடுத்துக் கொடுத்து மாவோ பணமோ வாங்கிக்கொண்டு போவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. தன் வயலில் களையெடுக்க வேண்டிய அதே வாரத்தில்தான் பசியும் வருகிறது. அடுத்தவர் வயலுக்குப் போனால் அன்றைக்கு அடுப்பு எரியும், தன் பயிர் களையில் அமுங்கும், அடுத்த வருடம் குதிர் இன்னும் சீக்கிரம் காலியாகும். மலாவியின் வறுமையைப் பற்றி எத்தனை அறிக்கை படித்தாலும் இந்த ஒரு சுழலைப் பக்கத்து வீட்டில் பார்க்கிற அளவுக்குப் புரியாது. அதனால் உனக்கு ஒன்று சொல்வேன். துணி துவைக்க, தண்ணீர் எடுக்க ஆள் வைத்துக்கொள், அது அந்த வீட்டுக்கு நல்லது. வருடம் முழுக்க ஒரே ஆள், மாதக் கூலி, பேரம் பேசாதே. களையெடுப்பு மாதங்களில் காலை வேளையைக் கேட்காதே. அவள் தன் வயலை முடித்துவிட்டு மதியம் வரட்டும்.

இனி ஒரு நாள் எப்படி என்று. விடியும் முன்னால் வாசல் பெருக்கும் சத்தம் கேட்கும். நம் ஊர் மாதிரியே, எல்லா வீட்டு வாசலும். தண்ணீர் இரண்டு வகையில் வரும். முலாஞ்சே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் குழாயில் கொண்டுவரும் திட்டங்கள் 1960களின் கடைசியில் தொடங்கியவை. மோட்டார் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக இறங்கும். அந்தக் குழாய்களுக்கு ஊர் ஜனங்களே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பல ஊர்களில் இன்னும் அந்தக் குழாய்தான். அது இல்லாத இடத்தில் ஆழ்துளைக் கிணறும் அஃப்ரிடெவ் அடிகுழாயும். குழாயடியில் வரிசை உண்டு, குழு உண்டு, மாதச் சந்தா உண்டு. அந்தச் சந்தாவை நீயும் கட்டு. உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்ற அந்தப் பணம்தான். நீ ஒரு வாளியாவது நீயே எடுக்கப் போ. பெண்கள் உன்னோடு பேசுகிற இடம் அதுதான், என் சிச்சேவா மொழியில் பாதி அங்கே கற்றது.

குளிக்க வீட்டுக்குப் பின்னால் புல்தட்டி மறைப்பு. வெந்நீர் வாளியில். கழிப்பறை குழிக் கழிப்பறை, தனியாக நிற்கும். இரவில் போகத் தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். கரண்ட் ஊருக்குள் வராது, போமாவில் உண்டு, அதுவும் போய்வரும். சின்ன சோலார் பலகை ஒன்று இருந்தால் விளக்குக்கும் போனுக்கும் போதும்.

சாப்பாடு. ன்சிமா என்பது சோள மாவுக் களி. நம் கேழ்வரகுக் களியைக் கிளறுவதுபோலவே கிளறுகிறார்கள், கையால் பிட்டு உருட்டித் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது. சாப்பிடும் முன் வீட்டுப் பிள்ளை குவளையில் தண்ணீர் ஊற்றி எல்லார் கையையும் கழுவிவிடும். நீ வலது கையால் உருட்டிச் சாப்பிடுவதைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பாட்டி உன் பக்கம் வந்துவிடுவாள். தொட்டுக்கொள்ள பூசணி இலை, கடுகுக்கீரை, தண்டுக்கீரை. இந்தக் கீரைகளில் பச்சை வேர்க்கடலையை இடித்துப் போட்டுக் கூட்டுபோல வைப்பார்கள், அவ்வளவு ருசி. சைவத்துக்குக் கவலையே படாதே. அவரை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, நவம்பரில் மாம்பழம், சாலையோரம் முலாஞ்சே அன்னாசி, வெண்ணெய்ப்பழம் எல்லாம் கிடைக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். உசிபா என்று நெத்திலி மாதிரி ஏரிக் கருவாடு. விருந்தாளிக்கு மரியாதையாக அதைத்தான் வைப்பார்கள். முதல் நாளே "எங்கள் வீட்டில் மீனும் கறியும் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிவிடு. வீட்டு வழக்கம் என்றால் மறுபேச்சு இருக்காது.

அப்புறம் துவரை. இது இந்தியர் என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்ற உன் கேள்விக்கும் பதில். முலாஞ்சே, தியோலோ, பலோம்பே பக்கமெல்லாம் சோளத்துக்கு ஊடுபயிர் துவரைதான். நந்தோலோ என்பார்கள். சோளம் அறுத்த பிறகும் நின்று, ஜூலைக்கு மேல் காய் முற்றும். வீட்டுக்குக் கொஞ்சம் முழுதாக வேகவைத்துச் சாப்பிடுவார்கள், மீதியை விற்பார்கள். அது பிளான்டயர், லிம்பே நகரங்களில் உள்ள ஆலைகளுக்குப் போய் உடைபட்டு, பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் கப்பலேறும். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. இங்கே அந்த வருடம் விளைச்சல் அதிகம், நம் விவசாயிக்கு விலை கிடைக்கவேண்டும் என்று செய்தது. அங்கே விலை சரிந்து, மூட்டையை வாங்க ஆளில்லாமல் போயிற்று. 2021இல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுதோறும் 50,000 டன் வாங்கிக்கொள்வதாக இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன.

இதெல்லாம் அந்த ஊர் ஜனங்களுக்குத் தெரியும். இந்திய முகத்தைப் பார்த்ததும் முதலில் வரும் கேள்வி, "நந்தோலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" அங்கே இந்தியர் என்றாலே வியாபாரி. பல தலைமுறையாக குஜராத்திக் குடும்பங்கள் அங்கே கடை வைத்திருக்கின்றன. 1970களில் அன்றைய அதிபர் பண்டாவின் ஆட்சி கிராமத்துக் கடைகளை மூடச்செய்து அவர்களை நகரங்களுக்கு அனுப்பிவிட்டது. அதனால் கிராமத்தில் குடியிருக்கும் இந்தியரை வயதானவர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்வியில் கோபம் கிடையாது. உட்கார்ந்து பதில் சொல். "நான் வாங்க வரவில்லை, ஆனால் இதை எங்கள் வீட்டில் தினமும் சாப்பிடுகிறோம்" என்று சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. எப்படி உடைப்பீர்கள், தோல் எங்கே போகும், எதோடு சாப்பிடுவீர்கள். என் வீட்டில் கரியடுப்பில் குக்கர் வைத்து சாம்பார் கொதித்த நாளில் பள்ளியிலிருந்து ஆசிரியைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். புளி அங்கேயும் விளைகிறது, சந்தையில் கிடைக்கும். நீ விருதுநகரில் கொதிக்கவைக்கும் பருப்பில் அந்த மலையடிவாரத்துத் துவரையும் கொஞ்சம் இருக்கலாம். உன் அம்மாவிடம் இதைச் சொல்.

சாவு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வயலுக்குப் போகமாட்டார்கள், பள்ளிக்கூடமும் அரைகுறைதான். பெண்கள் அந்த வீட்டிலேயே பாய் விரித்து இரவெல்லாம் பாடிக்கொண்டிருப்பார்கள். நீ போக வேண்டும். இடுப்பில் சிட்டெஞ்சே துணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, பெண்களோடு தரையில் உட்கார். கொஞ்சம் மாவோ பணமோ எழுதும் இடத்தில் கொடு. பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பயிற்சி வகுப்பில் நீ என்ன சொன்னாய் என்பதை மறந்துவிடுவார்கள், சாவுக்கு வந்தாயா இல்லையா என்பதை மறக்கமாட்டார்கள். வேலை கெடுகிறதே என்று எரிச்சல்படும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடைசிவரை அந்த ஊரில் கதவு திறக்கவில்லை.

உடை பற்றிக் கவலை வேண்டாம். சுடிதார், மேலே சிட்டெஞ்சே, முழங்கால் மறைந்தால் போதும். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டக்கூடாது, வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். வணக்கம் சொல்லி, தூங்கி எழுந்தது எப்படி என்று கேட்டு, அவர்கள் திருப்பிக் கேட்க, பதில் சொல்லி, அதன்பிறகுதான் விஷயம். அவசரமே கூடாது. பெரியவர்களுக்குப் பொருள் கொடுக்கும்போது பெண்கள் முழங்காலை மடக்குவார்கள். நீ லேசாகக் குனிந்தாலே சந்தோஷப்படுவார்கள்.

இருட்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும். அதன்பிறகு வெளியே போகாதே. ஏழரைக்குச் சாப்பாடு முடித்து, விளக்கில் படித்துவிட்டு, ஒன்பதுக்கு முன் தூக்கம். தனிமையாக இருக்குமா என்றால் இருக்கும். அதிலும் ஜூன், ஜூலையில் சிப்பெரோனி என்று மொசாம்பிக் பக்கமிருந்து ஒரு குளிர்காற்று தூறலோடு வந்து நாள்கணக்கில் மலையை மூடிவிடும். துணி காயாது, சூரியன் தெரியாது, சோலாரும் ஏறாது. அந்த வாரங்கள்தான் எனக்கு வீட்டு நினைப்பு அதிகமாக இருந்தது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் வராதே.

மீதியைப் பிறகு எழுதுகிறேன், பள்ளிக்கூடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வன்னிச் செவிலி

அக்கா எழுதினது எல்லாம் உண்மை. நான் வடக்கே மலாவி ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராம ஆசுபத்திரியில் வேலை செய்தனான். தங்கச்சிக்கு உடம்பு பற்றி மட்டும் சொல்லுறன்.

மலேரியாவுக்கு நுளம்பு வலை, பின்னேரம் கை கால் மூடின உடுப்பு, தடுப்பு மாத்திரை மூன்றும் வேணும். மாத்திரையை மழைக்காலத்துக்கு மட்டும் போட்டிட்டு விடுறதில்லை, நாடு திரும்பின பிறகும் சொன்ன காலம் வரைக்கும் போட வேணும். டொக்சிசைக்ளின் எண்டால் நாலு கிழமை. காய்ச்சல் வந்தால் அண்டைக்கே இரத்தம் குத்திப் பாருங்கோ. விரல் நுனியில ஒரு சொட்டு, கால் மணித்தியாலத்தில முடிவு. அரசாங்க சுகாதார நிலையத்தில காசு இல்லை. மலேரியாவுக்குக் குடுக்கிற மருந்தை அங்க எல்லாரும் எல்.ஏ. எண்டுதான் சொல்லுவினம், மூன்று நாளில ஆறு தரம். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு இடையில நிப்பாட்டக் கூடாது. ஊருக்குள்ள எச்.எஸ்.ஏ. எண்டு ஒரு சுகாதாரப் பணியாளர் இருப்பார், போன முதல் கிழமையே அவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கோ.

ஏரியில, தேங்கி நிக்கிற ஓடையில இறங்கினால் பில்ஹார்சியா வரும். நத்தையில இருந்து தோல் வழியாக வாற புழு. இறங்கியிருந்தால் ஒரு சில மாதம் கழிச்சுப் பரிசோதிச்சு, பிராசிகுவாண்டல் எண்ட மாத்திரை போட வேணும். லேசான விஷயம், ஆனால் கவனிக்காமல் விட்டால் பிறகு கரைச்சல். விசர்நாய்க்கடி ஊசியும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு போங்கோ.

எனக்கு உண்மையில பயம் தந்தது நோய் இல்லை, தெருதான். இருட்டினாப் பிறகு மினிபஸ்ஸில ஏற வேண்டாம். லொறியின்ர பின்பக்கம் சனத்தை ஏற்றிக்கொண்டு போவினம், மலிவு எண்டு ஏறாதேங்கோ. சைக்கிள் டாக்சி கிட்டத்துக்கு நல்லது, தார் ரோட்டில வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முதலே போட்டு அட்டையை வாங்குங்கோ. மலாவியில அந்த நோய் இல்லை எண்டாலும், அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் வரேக்க கேட்பினம். இந்தியாவில அதில கண்டிப்பு. உங்களுக்கு சென்னை கிண்டி கிங் நிலையத்தில போடுவினம் எண்டு என்னோட இருந்த பிள்ளை சொன்னவ.

நொய்யல்

எல்லாரும் களி, கீரை, சாம்பார் என்று அழகாக எழுதுகிறீர்கள். ஒரு நேரடியான கேள்வி. மலாவியில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அரசு வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்கள் ஏராளம். ஒரு வெளிநாட்டுத் தன்னார்வலரின் டிக்கெட், காப்பீடு, வீட்டுச் செலவில் அங்கே உள்ளூர் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமே? மொழியே தெரியாத ஒருவர் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்? அந்தத் தங்கை கேட்கும் அம்மாவின் கேள்வி ரொம்ப நியாயமானது என்று நினைக்கிறேன்.

தாமிரபரணிக்காரி

நொய்யல் தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் போகக் கூடாது என்பதுதான் என் கருத்தும். வகுப்பாசிரியர் இடத்தை நிரப்ப அனுப்புகிறார்கள் என்றால் போகாதே என்றுதான் நானே சொல்வேன். சில வாரம் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வருவதற்கும் இதுவேதான் பதில். அந்தச் சுவரை அடிக்க அந்த ஊரில் ஆள் இருக்கிறார்.

ஆனால் இந்தப் பணி அது இல்லை. அங்கே பத்துப் பன்னிரண்டு பள்ளிகளைச் சேர்த்து ஒரு மண்டலம், அதற்கு ஓர் ஆசிரியர் மேம்பாட்டு மையம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கல்வி ஆலோசகர். நான் அந்த ஆலோசகரோடு வேலை செய்தேன். அவர் ஒருவரே எல்லாப் பள்ளிக்கும் சைக்கிளிலோ பைக்கிலோ போய்வர வேண்டும். பிள்ளைகளிடம் பேசியது எப்போதும் அவர்கள் ஆசிரியர்தான், முதல் நாலு வகுப்புக்குப் பாடம் சிச்சேவாவில்தான். நான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன், பள்ளி விட்ட பிறகு ஆசிரியர்களோடு மரத்தடியில் பேசுவோம்.

அங்கே 1994இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தை எடுத்தார்கள். ஒரே வருடத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குப் போனது. கட்டடமும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் நூறு பிள்ளைக்கு மேல், ஒரே ஆசிரியை, தரையில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர் கேட்டால் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எனக்குத் தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் பழக்கம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்ததே, அது. பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் குழுவாக உட்காரவைத்து வேலை கொடுப்பதில் எங்களுக்கு வருடக்கணக்கான கைப்பழக்கம் உண்டு. என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அதற்கு இங்கே பயன்படுத்தும் கற்றல் அட்டைகளை அங்கே கொண்டுபோனால் ஒரு மழைக்குத் தாங்காது. அங்கத்து ஆசிரியர்களிடம் உள்ளூர்ப் பொருளில் கற்பித்தல் கருவி செய்யும் பழக்கம் நன்றாகவே இருக்கிறது, தலுலார் என்பார்கள். பாட்டில் மூடி, சோள முத்து, மூங்கில் குச்சி, சோளச் சக்கை. அதை வைத்தே எட்டு எட்டுப் பிள்ளைகளாகப் பிரித்து, ஒரு குழு எண்ண, ஒரு குழு கூட்ட, ஒரு குழுவோடு ஆசிரியை உட்கார என்று மெல்ல மெல்லக் கொண்டுவந்தோம். முறையை எனக்கு ஏற்றபடி இல்லை, அவர்களுக்கு ஏற்றபடி மாற்றியவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர். வெளியே மர நிழலில் கோடு கிழித்து வகுப்பைப் பாதியாகப் பிரித்தது அவர் யோசனை. இப்போது அந்த மண்டலத்தில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர்தான்.

கணக்கு டீச்சருக்கு இதில் இன்னொரு சங்கதி. சிச்சேவாவில் எண்கள் ஐந்தை வைத்துப் போகும். ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும், எட்டு என்றால் ஐந்தும் மூன்றும். பத்தைத் தாண்டினால் பெயர் நீண்டுகொண்டே போகும். அதனால் சந்தையில் எல்லாரும் விலையை ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். பிள்ளை வீட்டிலிருந்து இரண்டையும் கலந்து கொண்டுவரும். ஐந்து மூடி ஒரு வரிசை, மூன்று மூடி அடுத்த வரிசை என்று அடுக்கவைத்தால் எட்டு கண்ணுக்கே தெரிந்துவிடும். பத்துப் பத்தாக எண்ணும் நம் முறையைக் கொண்டுபோய்த் திணிக்காமல் அவர்கள் ஐந்திலிருந்தே தொடங்கு.

பள்ளியில் மதியச் சாப்பாடு எல்லா இடத்திலும் இல்லை. சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி சில பள்ளிகளில் உண்டு, மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கியதே மலாவியில்தான். கஞ்சி காய்ச்சுவது ஊர்த் தாய்மார்கள், முறைவைத்து, கூலி இல்லாமல், விடியும் முன்னால் விறகோடு வந்துவிடுவார்கள். தன்னார்வலர் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் கஞ்சி உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் வருகையில் இருக்கும் வித்தியாசத்தை நீயே பதிவேட்டில் பார்ப்பாய். சத்துணவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தங்கச்சி, அமைப்பிடம் எழுதிக் கேள்: என்னோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் உள்ளூர் அலுவலர் யார், அவர் இந்தப் பணியைக் கேட்டாரா, நான் கிளம்பிய பிறகு அவர் அதே பதவியில் இருப்பாரா? பெயரோடு பதில் வந்தால் போ. "போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால் யோசி.

அம்மா கேட்பதற்கு மறுப்புச் சொல்லாதே. ஏழைப் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். நூறு பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்ற நிலையை நம் ஊர் பெரும்பாலும் தாண்டிவிட்டது, அங்கே இன்னும் தாண்டவில்லை; உன் கையில் இருக்கும் தொழில் அங்கே இன்றைக்கு அதிகம் தேவைப்படுகிறது. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல். திரும்பி வந்து இங்கேயே வேலை செய்யப்போகிறாய் என்பதையும் சொல்.

நொய்யல்

மண்டல ஆலோசகரோடு வேலை என்றால் என் மறுப்பில் பாதி போய்விட்டது. செலவுக் கணக்கு பற்றிய மீதிப் பாதி இருக்கிறது, அது அமைப்புகள் பதில் சொல்ல வேண்டியது. எழுதியதற்கு நன்றி அக்கா.

கணக்கு_டீச்சர்

அக்கா, நேற்று ராத்திரி இதை முழுசாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துவரை கதையைக் கேட்டுவிட்டு "அப்ப அவங்களுக்கு விலை கிடைக்காம போனதுக்கு நாமளும் ஒரு காரணமா?" என்றார். இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் குளிருக்கு எந்த ஸ்வெட்டர் என்று கேட்டார்!

அமைப்புக்கு நீங்கள் சொன்ன கேள்விகளை அனுப்பிவிட்டேன். உள்ளூர் ஆலோசகர் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், அவரோடு ஒரு வீடியோ அழைப்பும் ஏற்பாடு செய்கிறார்களாம். கிளம்பும் தேதி ஜனவரி என்கிறார்கள். என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்? பக்கத்து வீட்டுக்காரர்கள் கடன் கேட்டால் என்ன செய்வது? அம்மாவோடு தினமும் பேச முடியுமா?

வன்னிச் செவிலி அக்காவுக்கும் நன்றி. ஊசிக்கு அடுத்த வாரமே போகிறேன்.

தாமிரபரணிக்காரி

ஜனவரி வேண்டாம். மொழி தெரியாமல் பசிக்காலத்துக்கு நடுவில் போய் இறங்கினால், முதல் நாளிலிருந்தே உன் வாசலில் ஆள் நிற்கும், யார் என்ன என்று தெரியாமல் திணறுவாய். ஜூலை, ஆகஸ்ட் என்று கேட்டுப் பார். குதிரில் சோளம் இருக்கும், ஜனங்களுக்குப் பேச நேரம் இருக்கும், துவரை அறுவடையையும் பார்ப்பாய். டிசம்பர் வருவதற்குள் ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுவாய். மொழிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றால் ஒரு வாரம்கூடக் குறைக்க விடாதே.

கடன் விஷயம். கேட்பார்கள், அங்கே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம், உன்னை மட்டும் குறிவைத்து இல்லை. பணமாகக் கொடுப்பதை நான் தவிர்த்தேன். நோய், சாவு, பள்ளி என்றால் கொடுத்தேன், திரும்பி வரும் என்று எண்ணாமல். மற்றதற்கு ஊர்ப் பெண்கள் சேமிப்புக் குழு வைத்திருப்பார்கள், வாரம் ஒருநாள் கூடிப் பணம் போட்டு, தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுத்து, வருடக் கடைசியில் பங்கு பிரிப்பார்கள். நம் மகளிர் குழு மாதிரியேதான். அதில் நீயும் உறுப்பினராகச் சேர், மற்றவர்கள் போடும் அதே தொகையைப் போடு, அதிகம் போடாதே.

அம்மாவோடு பேசலாம். போமா பக்கம் சிக்னல் நன்றாக இருக்கும், ஊருக்குள் ஏதாவது ஒரு மேட்டில் கிடைக்கும். நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அங்கே மாலை நாலு என்றால் இங்கே ஏழரை, அம்மாவும் வேலை முடித்திருப்பார், உனக்கும் வெளிச்சம் இருக்கும். தினமும் என்று வாக்குக் கொடுக்காதே. சிப்பெரோனி வாரத்தில் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், அம்மா பயந்துபோவார். வாரத்துக்கு இரண்டு நாள் என்று சொல், மற்ற நாள் பேச முடிந்தால் அது கூடுதல்.

எடுத்துக்கொள்ள வேண்டியது: மூன்று லிட்டர் குக்கரும் அதற்கு மாற்று ரப்பரும் விசிலும், தலையில் மாட்டும் விளக்கு, நல்ல மழைக்கோட்டு, ஸ்வெட்டர், சாம்பார்ப் பொடி, பெருங்காயம், ஊறுகாய். மசாலா தீர்ந்தால் லிம்பே இந்தியக் கடைகளில் வாங்கலாம். அரிசி அங்கேயே நல்லது விளைகிறது. கறிவேப்பிலை விதை, முருங்கை விதை என்று எதுவும் பையில் போடாதே, விமான நிலையத்தில் பிரச்சினை. குடும்பப் படங்கள் அச்செடுத்துக் கொண்டுபோ, போனில் காட்டுவது போதாது. யார் வீட்டுக்குப் போனாலும் உன் அம்மா எப்படி இருப்பார், எத்தனை பிள்ளைகள், வயல் உண்டா என்றுதான் கேட்பார்கள். வயலோடு ஒரு படம் இருந்தால் ரொம்ப நல்லது.

தேதி முடிவானதும் இங்கேயே எழுது. லிம்பேயில் எந்தக் கடையில் வெல்லம் கிடைக்கும், முலாஞ்சே மினிபஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிறேன்.